இடது கண்ணுக்குச் சிவப்பு

சங்கிலியைக் கையில் வாங்கியதும் துலுக்காணம் வாசலை நோக்கி நடந்துவிடுவார். காவலாளி நாற்காலியிலிருந்து எழுவார். விற்பனைப் பெண் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடி வருவாள். படியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்று, முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்ப்பார். பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொள்வார். சங்கிலி விரலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"ஐயா, உள்ளயே நல்ல லைட்டு இருக்குதே."

"உங்க லைட்டுல தகரங்கூட தாலியாத் தெரியும்மா. சூரியன் கடைக்காரன் கையில இல்ல பாரு."

திருவள்ளூர் தேரடிப் பக்கத்து நகைக்கடை அது. சனிக்கிழமை. மகள் தேவதர்ஷினியின் கல்யாணம் தையில். சங்கிலியின் கொக்கியில் பொறித்திருந்த ஆறு எழுத்துக் குறியை அவள் போனில் தட்டிப் பார்த்தாள். கடையின் பெயரும், சோதித்த இடமும், 916 என்ற எண்ணும் வந்தன. அப்பாவுக்கும் மகளுக்கும் அதில் ஓர் ஒப்பந்தம் உண்டு. "நம்பர் உன்னுது, கலர் என்னுது" என்பார்.

அன்று சீக்கிரமே முடிவு செய்துவிட்டார். வழக்கமாகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அன்று ரயிலில் வந்திருந்தார். "வேப்பம்பட்டுல ஒரு வேல இருந்துச்சு" என்றார். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. ஓட்டலில் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தன் கல்யாண மோதிரத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதுவும் வெளுத்துக்கினு வருது பாரு" என்று சிரித்தார்.

அவள் பார்த்தாள். எப்போதும் போலச் சிவப்பாகத்தான் இருந்தது. பஸ் வந்தது, ஏறிப் போனார். செவ்வாய்க்கிழமை காலை கட்டிலிலிருந்து எழவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

துலுக்காணம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் உலைக்காரராக இருந்தவர். இரும்புக் கட்டிகளை உலைக்குள் தள்ளிச் சூடேற்றி, பதம் வந்ததும் உருளைக்கு அனுப்ப வேண்டும். பதத்தைக் காட்டும் கருவி சுவரில் இருந்தது. அவர் அதைப் பார்க்க மாட்டார். உலையின் சிறு கதவைத் திறந்து உள்ளே பார்ப்பார். "பழம் ஆயிடுச்சு, இழு" என்பார். கம்பெனி கொடுத்த நீலக் கண்ணாடி கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கும். கண்ணுக்கு ஏறவே ஏறாது. "அத்தப் போட்டா எல்லாம் ஊதாவாத் தெரியுது. பேஜாரு."

இரும்பில் நிறம்தான் சூடு. அதே கணக்கை அவர் தங்கத்துக்கும் போட்டார். சிவந்திருந்தால் சுத்தம், வெளுத்திருந்தால் கலப்படம்.

கணக்கு தப்பு. தேவதர்ஷினி உலோகவியல் படித்தவள், காக்களூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருக்கும். மீதி 84 பங்கில் செம்பு கூடினால் நகை சிவக்கும், வெள்ளி கூடினால் வெளுக்கும். இரண்டிலும் தங்கம் ஒன்றுதான். இதை அவரிடம் அவள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அப்போ செவப்புக் கண்டா எனக்கு ஏன் மனசு நெறையுது?"

"அது செம்பு, நைனா."

"செம்போ எதுவோ. நெறையுதா இல்லியா?"

தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் நகை எடுக்க அவரைக் கூட்டிப் போனார்கள். 916 முத்திரை வந்த பிறகும் கூட்டிப் போனார்கள். அந்த நாட்களில் அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் செம்பு கூடின தட்டை எடுத்து மேலே வைத்துவிடுவார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெருப் பெண்களின் கழுத்தெல்லாம் அப்போது ஒரே சிவப்பு. வெளியூர்க்காரர்கள், "இன்னாம்மா, ஒரே கடையில சீட்டு கட்னீங்களா?" என்று கேட்பார்கள்.

ஆடி மாதம் சர்ச் ஹாலில் கண் மருத்துவ முகாம் போட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை. உலைச் சூட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது கூடுதலாக வருவது உண்டு என்றார் டாக்டர். வலது கண்ணை முதலில் அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து எடுத்த பழைய வில்லை டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததாம்.

கட்டுப் பிரித்த மறுநாள் துலுக்காணம் மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார்.

"வெள்ளித் தோடா போட்டுக்கினு கீறே?"

"தங்கம், நைனா. நீதான் வாங்கிக் குடுத்தே. வேலைக்குச் சேர்ந்தப்போ."

"நான் வாங்கல. நான் இத்த வாங்குவனா?"

தோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அறுத்த கண்ணால் பார்த்தார்: தகரம் மாதிரி வெளுப்பு. அறுக்காத கண்ணால் பார்த்தார்: சிவப்பு. மறுபடி பார்த்தார். தோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவள் விளக்கினாள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுத்து மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போலத்தான். வெளுத்த தங்கமும் சிவப்பாகத் தெரியும். புதுக் கண் காட்டுவதுதான் உண்மை நிறம்.

"எந்த வருசத்துலேர்ந்து?"

"அது கொஞ்சம் கொஞ்சமா வர்றது. தேதி சொல்ல முடியாது."

"உங்கம்மா இருக்கச் சொல்லோவேவா?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லம்மா செத்தது ரூபாய் நோட்டு செல்லாமல் போனதற்கு அடுத்த வருஷம். மஞ்சள் காமாலை முற்றி, கல்லீரல் கெட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் செய்ய முடியாத நிலை. மகள் அப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பிணத்தை எடுக்கும் முன் எல்லம்மாவின் தம்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்காட்டம் கெடக்குது. கூடவே படுத்துக்கினு கெடந்த மனுசன் பாக்கலியா?"

அதன்பிறகு துலுக்காணம் அந்த மச்சான் வீட்டுப் பக்கம் போகவில்லை.

மஞ்சள் கண்ணாடி வழியே மஞ்சளைப் பார்க்க முடியாது. இதை மகள் சொல்வதற்கு முன் அவரே கண்டுபிடித்துவிட்டார். எல்லம்மா நோயில் இருந்தபோதே கண் பழுத்துவிட்டது என்றால் அவரால் பார்த்திருக்க முடியாது. கண் அப்போது நன்றாக இருந்தது என்றால், அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று ஆகும். இரண்டில் எது? டாக்டருக்குத் தெரியவில்லை. மகள், "தெரியல நைனா" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். தெரு முழுக்கத் தொங்கும் சங்கிலிகள் எல்லாம் அவர் கண்ணால் எடுத்தவை. எந்த வருஷம் எடுத்தது வரை நிஜமாகவே சிவப்பாக இருக்கிறது, எதிலிருந்து வெளுப்பு என்று புதுக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். கண் கெட்ட வருஷம் தெரிந்துவிடும்.

இதை யாரிடமும் சொல்லாமல் செய்ததுதான் வினையாயிற்று.

காலை நாஷ்டா முடிந்ததும் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார். "செயின கொஞ்சம் காட்டு மே." பெண் கழற்றிக் கொடுப்பாள். வெயிலில் நின்று ஒரு கண்ணைப் பொத்துவார், மறு கண்ணைப் பொத்துவார். "இது எந்த வருசம்?" என்பார். திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடப்பார். ரகுவின் மனைவியுடையது வெள்ளம் வந்த வருஷம் எடுத்தது; சிவப்பு. சுமலதாவினுடையது கொரோனா வருஷம். அதை வெயிலில் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல், "வெளுப்பு" என்றார்.

அந்த வாரம் சுமலதாவின் மாமியார் போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறைத் தொட்ட கிழவி, ஒரு வருஷமாகப் படுக்கை. ஆனாலும் துலுக்காணம் வாசலில் நின்று வெளுப்பு என்று சொன்னது தெருவுக்கு ஞாபகம் இருந்தது. அடுத்து மூன்றாவதாக ஒரு வீட்டில் வெளுப்பு என்றார். அந்த வீட்டுக்காரர் சிப்காட்டில் கையை மெஷினில் கொடுத்துவிட்டார். அதோடு பேச்சு நின்று பயம் வந்துவிட்டது. அவர் தெருமுனையில் திரும்பினால் பெண்கள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டார்கள். சில வீடுகளில் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தம் வரிசையாகக் கேட்கும்.

ஆலையில் கூட வேலை பார்த்த குப்புராஜ் மட்டும்தான் வாசலில் வந்து நிற்பார்.

"யோவ் துலுக்காணம், இன்னிக்கு யார் டோக்கன்யா?"

"மூட்றா. உன் மருமவ செயின எடுத்தா."

"எடுத்தாறேன். வெளுத்துச்சின்னா முன்னாடியே சொல்லிரு, ஒரு குவார்ட்டர் பாக்கி கீது, முடிச்சிட்டுப் போயிடறேன்."

நோட்டு செல்லாமல் போன வருஷத்துச் சங்கிலி அது. சிவப்பு. துலுக்காணம் அதை இரண்டு முறை பார்த்தார். குப்புராஜ் நெஞ்சில் கையை வைத்து, "பொழச்சேன்டா சாமி" என்று கத்தினார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

வார இறுதியில் வீட்டுக்கு வரும் தேவதர்ஷினி வேறொன்றைப் பார்த்தாள். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு அவர் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்திக்கொள்வார். இடது கண்ணுக்கு அந்த டியூப் லைட் வெளிச்சம் பழைய குண்டு பல்பு வெளிச்சம் மாதிரி இருக்கும் என்று அவள் ஊகித்தாள். தலை மெல்லத் திரும்பும். சமையலறை வாசலிலிருந்து பீரோ வரைக்கும், பீரோவிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும். ஓர் ஆள் நடந்து போவதைப் பார்க்கும்போது தலை எப்படித் திரும்புமோ அப்படி, அதே வேகத்தில் திரும்பும். கொல்லைக் கதவுக்கு வந்ததும் நின்றுவிடும். பிறகு கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திக்கொள்வார். உடனே தலை குனிந்துவிடும்.

"இன்னா நைனா பாக்கற?"

"ஒன்னியும் இல்ல. டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன்."

"லெஃப்ட்டையும் ஆப்ரேஷன் பண்ணிக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்."

"ரெண்டும் ஒண்ணாயிட்டா எத்த வெச்சி எத்தப் பாக்கறது?" என்றார். குரல் ஏறிவிட்டது. "இந்தக் கண்ணத் தொடக் கூடாது. சொல்லிட்டேன். எந்த டாக்டரும் தொடக் கூடாது."

கல்யாணத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தப் பேச்சை அத்தோடு விட்டாள். இடது கண் பக்கம் வரும் சைக்கிளைக்கூட அவர் கவனிப்பதில்லை. தெருவைக் கடக்கும்போது அவள் அந்தப் பக்கமாக நடந்தாள்.

அவருக்கு ஒரு சங்கிலி பாக்கி இருந்தது என்பது அவளுக்குச் சாவு வீட்டில்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு கிரேஸின் மகள் சோனியா வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்தாள். மாலையை வைத்துவிட்டு தேவதர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மாமா சனிக்கெழம காலீல எங்கூட்டுக்கு வந்தாரு."

"எதுக்கு?"

"'உன் கல்யாணத்து செயின காட்டு மே'ன்னாரு. அம்மா போன்ல சொல்லிக்கினே இருந்திச்சி, வெளுப்புன்னு சொல்றாரு, சொன்னா யாராவது போயிடறாங்கன்னு. எனக்கு ஒதறல். ஆனா மாமாவாச்சே. கழட்டிக் குடுத்தேன். வாசல்ல நின்னு பாத்தாரு. 'வெளுப்பு'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிக்கறாருக்கா. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிக்கறாரு. 'நெசமாவே வெளுப்புதான்'ன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. காபி போட்டேன், நின்னுக்கினே குடிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

தேவதர்ஷினிக்குப் புரிந்தது. சோனியாவின் கல்யாணம் எல்லம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த அதே மாதம். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத்தான் கிரேஸ் வற்புறுத்தி நகைக்கடைக்குக் கூட்டிப் போனாள். அன்று அவர் சிவப்பு என்று எடுத்த சங்கிலி இன்று வெளுப்பு என்றால், எல்லம்மாவின் கண்ணைப் பார்த்த கண் ஏற்கெனவே கெட்டுப்போன கண். தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதனால்தான்.

"அக்கா, இன்னொண்ணு" என்றாள் சோனியா. குரல் தாழ்ந்தது. "அது மாமா எடுத்த செயினே இல்லக்கா."

"என்ன சொல்றே?"

"அத்த போன ஈஸ்டருக்கு மாத்திட்டேன். மாடல் பழசாயிடுச்சின்னு பழசப் போட்டுட்டு இத்த எடுத்தேன், பூந்தமல்லியில. சொன்னா மாமா மனசு சங்கடப்படுவாருன்னு சொல்லல. இதுல இன்னாக்கா இருக்குது? எல்லாரும்தான் மாத்தறாங்க."

"பழைய செயின் எப்படி இருந்தது? சிவப்பா, வெளுப்பா?"

சோனியா யோசித்தாள். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"தங்கக் கலருதான்க்கா இருந்திச்சி."

போட்டோ இருக்கிறதா என்று தேவதர்ஷினி கேட்டாள். கல்யாண ஆல்பத்தில் இருந்தது. ஆல்பத்தில் எல்லாத் தங்கமும் ஒரே நிறம். பழைய சங்கிலி கடையில் உருகி, மற்றவர்களுடையதோடு சேர்ந்து, வேறு வேறு கழுத்துகளுக்குப் போயிருக்கும். உருக்கிய தங்கத்திடம் எதையும் கேட்க முடியாது. கூடத்தில் அவரைக் குளிப்பாட்டுவதற்காகக் கூப்பிட்டார்கள். கண்ணை மூட ஒருவர் விரலை வைத்தார். வலது இமை படிந்தது. இடது இமை இரண்டாம் முறைதான் படிந்தது. எல்லம்மாவின் தம்பியும் வந்திருந்தான். சோனியா சொன்னதை அவள் அவனிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை.

மோதிரத்தை அவள் காக்களூருக்கு எடுத்துப்போய்ச் சோதனைக்கூட மெஷினில் வைத்துப் பார்த்தாள். தங்கம், செம்பு, கொஞ்சம் வெள்ளி. செம்பு கூடின பழைய தங்கம். எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் சிவப்பு. இடது கண்ணுக்கு எதுவும் வெளுப்பாகத் தெரிய வழியே இல்லை. பஸ் நிறுத்தத்தில் அவர் பொத்தியிருந்தது வலது கண்தானா என்று பலமுறை நினைத்துப் பார்த்தாள். வலதுதான். இதற்கு அவளிடம் விளக்கம் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை தெருவில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண் ஆஸ்பத்திரி வேன். உள்ளே வயசானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புருவத்துக்கு மேல் சிறிய பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, எந்தக் கண் என்று தெரிவதற்காக. அவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்த பெண் இறங்கி வந்தாள். சட்டைப்பையில் ரம்யா என்று பெயர் குத்தியிருந்தது.

"துலுக்காணம் ஐயா ஊடு இதானே? தலைக்கு ஊத்திக்கினாரா?"

"யார் பேர் குடுத்தது?" என்றாள் தேவதர்ஷினி.

"அவரேதான். போன சனிக்கு முந்தின சனி சாயங்காலம் போன் பண்ணாரு. எடது கண்ணையும் எடுத்துருங்கம்மா, இனிமே இது எனக்கு வாணாம், பொண்ணு கல்யாணத்த ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்னாரு. மொத நாள்லேர்ந்தே எங்கள விரட்டினவருங்க. நாங்களே ஆச்சரியப்பட்டோம்." பேசிக்கொண்டே சுருளிலிருந்து பிளாஸ்டரைக் கிழித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டாள். "கூப்புடுங்க, லேட்டாவுது."

திறந்திருந்த கதவு வழியே அவள் பார்வை உள்ளே போனது. நாற்காலி மேல் மாலை போட்ட படம், கீழே விளக்கு. வேனுக்குள் ஒரு கிழவர், "இன்னாவாம்மா?" என்று கேட்டார். தூக்கிய விரலில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் பெண் நின்றாள்.

தேவதர்ஷினி அவள் விரலிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். படத்தில் இருப்பவருக்கு இடது, பார்ப்பவருக்கு வலது. ஒரு கணம் சரிபார்த்துக்கொண்டு, கண்ணாடி மேல் அந்தப் புருவத்துக்குச் சற்று மேலே ஒட்டி, ஓரங்கள் எழாமல் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.